அனுமதி உண்டு, அடுக்குமா?



"அனுமதி வாங்கியாயிற்று, இனி என்ன தடை?" என்னும் பேச்சை நாம் கடைவீதியிலும் கச்சேரியிலும் தினந்தோறும் கேட்கிறோம். அனுமதி என்பது நல்ல காரியமே. அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் கிறிஸ்தவனுடைய கடமை. ஆனால் அனுமதிச் சீட்டு கைக்கு வந்தவுடன் மனச்சாட்சிக்கு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது பெரும் மயக்கம். இவ்வாரம் அந்த மயக்கத்தைப்பற்றி உங்களோடு கொஞ்சம் ஆலோசிக்க விரும்புகிறோம்.

கேள்வி வானத்திலிருந்து விழவில்லை. நம் பங்கு வாலிபர் சிலர், மண்டபத்துக் கூரையைப் புதுப்பிக்கப் பணம் திரட்ட ஒரு யோசனை சொன்னார்கள். இணையத்தில் ஒரு பரிசுப் போட்டி. நூறு ரூபாய் கட்டுகிறவருக்கு ஓர் எண். மூன்று எளிய கேள்விகள். சரியாய் விடை எழுதினவர்களுக்குள் குலுக்கல். முதல் பரிசு ஒரு ஸ்கூட்டர். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் செய்தால் மதுரை முழுவதும் தெரிந்துவிடும் என்றார்கள். துணிக்கடை வைத்திருக்கும் வேறொரு குடும்பத்தாரும் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்காக இதே மாதிரிப் போட்டியை நினைத்திருக்கிறார்கள். இரு பக்கத்தாரும் கேட்பது ஒன்றே: "அந்தக் கம்பெனியாரிடம் அனுமதி வாங்கிவிட்டால் செய்யலாம் அல்லவா, சாமி?"

இவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. கேட்டதே இவர்கள் மனச்சாட்சி விழித்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆகையால் பதிலும் படிப்படியாய், நியாயத்தோடு சொல்லப்பட வேண்டும்.

சீட்டுப் போடுவதே பாவமா?

அல்ல. யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தபோது அப்போஸ்தலர்கள் ஜெபம் செய்து சீட்டுப் போட்டார்கள், மத்தியாசு தெரிந்துகொள்ளப்பட்டார். ஆனால் கல்வாரியின்மேல் சேவகர்கள் ஆண்டவருடைய அங்கிக்காகப் போட்டதும் சீட்டுத்தான். செய்கை ஒன்று, நோக்கமும் சந்தர்ப்பமும் வேறு. அதிர்ஷ்ட விளையாட்டுகளும் பந்தயங்களும் தம்மிலே நீதிக்கு விரோதமானவை அல்ல என்றே திருச்சபையின் ஞானோபதேசம் கற்பிக்கிறது. ஒருவன் தன் தேவைக்கும் தன்னை நம்பியிருப்பவர்களுடைய தேவைக்கும் வேண்டியதை அவை பறிக்கும்போது, அவை ஆகாதவை ஆகின்றன. விளையாட்டின் ஆசை மனிதனை அடிமையாக்கும் அபாயத்தையும் அந்த ஞானோபதேசமே எச்சரிக்கிறது.

போட்டிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குலுக்கலில் மூன்று அங்கங்கள் உண்டு: கட்டணம், அதிர்ஷ்டம், பரிசு. கட்டணத்தை எடுத்துவிட்டால் அது இலவச வெகுமதி. அதிர்ஷ்டத்தை எடுத்துவிட்டால் அது திறமைப் போட்டி. கோலப் போட்டி, கட்டுரைப் போட்டி, வேதாகம வினாடி வினா போன்றது. பரிசை எடுத்துவிட்டால் அது வெறும் நன்கொடை. இம்மூன்றிலும் குற்றம் காண ஒன்றுமில்லை. மூன்று அங்கங்களும் ஒன்றுசேரும் இடத்திலேதான் சிக்கல் பிறக்கிறது.

"எங்கள் போட்டியில் கேள்விகள் இருக்கின்றனவே, அது திறமை அல்லவா?" எனலாம். தமிழ்நாட்டின் தலைநகரம் எது என்று கேட்டு, விடை சொன்ன ஆயிரம் பேருக்குள் ஒருவரைக் குலுக்கி எடுத்தால், அங்கே ஜெயித்தது அறிவா, குலுக்கிய கையா? கேள்வி ஒரு போர்வையே. போர்வையை விலக்கினால் உள்ளே இருப்பது லாட்டரி.

சட்டம் என்ன சொல்லுகிறது?

இது புதிய தொல்லை அல்ல. 1950களில் நம் தேசத்துப் பத்திரிகைகளில் குறுக்கெழுத்துப் போட்டிகள் காட்டுத்தீபோல் பரவின. அணா கட்டிச் சீட்டு அனுப்பி ஆயிரக்கணக்கில் பரிசை எதிர்பார்த்தார்கள் ஜனங்கள். அன்றைய சென்னை ராஜ்யம் உட்படச் சில ராஜ்யங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டதன்பேரில், பார்லிமெண்டு 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றிற்று. ஒரு மாதத்தில் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு கூடாது; ஒரு போட்டிக்கு 2,000 சீட்டுகளுக்கு மேல் வாங்கக்கூடாது; அதற்குட்பட்ட போட்டிக்கும் உரிமம் வேண்டும் என்று அது விதித்தது. போட்டி நடத்தியவர்கள் அதை எதிர்த்து வழக்காடினார்கள். 1957இல் உச்ச நீதிமன்றம் இரண்டு காரியங்களைத் தெளிவாய்ச் சொல்லிற்று: பெரும்பாலும் திறமையைப் பொறுத்த போட்டி சூதாட்டம் ஆகாது, சூதாட்டமோ வியாபாரம் என்னும் பெயருக்கே உரியதல்ல.

பின்பு அரசாங்கமே லாட்டரி நடத்தும் காலம் வந்தது. கேரளத்தில் 1967இலும் நம் ராஜ்யத்தில் 1968இலும் அரசாங்கப் பரிசுச் சீட்டு தொடங்கிற்று. அதற்கு அனுமதியும் இருந்தது, முத்திரையும் இருந்தது, பொதுநலம் என்னும் பெயரும் இருந்தது. அப்படியிருந்தும் கூலிக்காரர் அன்றன்றைய கூலியைச் சீட்டில் கொட்டினதையும், அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாமற் போனதையும் நம் பெரியவர்கள் கண்ணாரக் கண்டார்கள். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிச் சீட்டு விற்பனையும் தடை செய்யப்பட்டது. அனுமதி இருந்த நாளில் அது நன்மையாகவும் தடை வந்த நாளில் அது தீமையாகவும் மாறிவிட்டதா? இல்லை. அதன் தீமை முதலிலிருந்தே இருந்தது. சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

இப்போது லாட்டரி கைபேசிக்குள் குடியேறிவிட்டது. 2020 நவம்பரில் நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளின் விளம்பரங்களில் தோன்றிய பிரபல விளையாட்டு வீரர்களுக்கும் நடிகர்களுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிற்று. 2022இல் சட்டசபை நிறைவேற்றி 2023 ஏப்ரலில் கவர்னரின் சம்மதம் பெற்ற தமிழ்நாட்டுச் சட்டம், இணையச் சூதாட்டத்தை விளம்பரம் செய்கிறவருக்கு ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. விளையாடுகிறவனுக்கோ மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே. 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி ஜனாதிபதியின் சம்மதம் பெற்ற மத்தியச் சட்டமோ இன்னும் கடுமையானது. திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய விளையாட்டுகளை அது விலக்குகிறது. அவற்றை விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளையாடி ஏமாந்தவனை அது தண்டிக்கவில்லை. கவனியுங்கள்: விழுந்தவனைவிட விழும்படி கைகாட்டினவனைச் சட்டம் அதிகக் குற்றவாளியாக எண்ணுகிறது. இதை மனதில் வையுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

குலுக்கல் இணையத்தில் நடக்காமல் தெருவில் நடந்தாலும் சட்டம் விட்டுவிடவில்லை. அரசாங்கம் நடத்தாத, அரசாங்கம் அங்கீகரிக்காத லாட்டரிக்கு இடம் வைத்து நடத்துவதும், அதை விளம்பரப்படுத்துவதும் 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 297ஆம் பிரிவின்படி குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 294ஏ என்னும் பிரிவாக இது இருந்தது. கோவில் திருவிழாக் குலுக்கல் என்பதற்காக அப்பிரிவில் விலக்கு எழுதப்படவில்லை.

கம்பெனியாரின் அனுமதி எப்படிப்பட்டது?

முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா கம்பெனியார், பணமோ பணமதிப்புள்ளதோ கட்டி நுழைந்து, பணமதிப்புள்ள பரிசைப் பெறும் போட்டிகளை விளம்பரம் செய்ய முன்கூட்டி எழுத்து மூலமான அனுமதி வாங்க வேண்டும் என்கிறார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அவ்விளம்பரம் காட்டப்படலாகாது. அந்தந்தத் தேசத்துச் சட்டத்துக்கும் அது உட்பட்டிருக்க வேண்டும். ஆகவே இத்தேசத்துச் சட்டம் விலக்கியதைக் கம்பெனியாரின் சீட்டு கூட்டிவர முடியாது.

கட்டணமில்லாத போட்டிக்கும் அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். விதிமுறைகளை எழுதி வெளியிட வேண்டும். யார் கலந்துகொள்ளலாம் என்று சொல்ல வேண்டும். நண்பர்களின் பெயரைக் கோத்துவிட்டால்தான், தன் பக்கத்தில் பகிர்ந்தால்தான் சேர்க்கப்படுவாய் என்று கேட்கக் கூடாது. இவை எல்லாவற்றிலும் முக்கியமானது: இந்தப் போட்டிக்கும் தங்களுக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை, தங்கள்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை என்பதைப் போட்டி நடத்துகிறவர் வெளிப்படையாய் அறிவிக்க வேண்டும்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். கம்பெனியார் கொடுக்கும் அனுமதியின் பொருள் என்ன? "நீ செய்வது நல்லது" என்பதல்ல. "நீ செய்வது உன்னைச் சேர்ந்தது, எங்களைச் சேர்ந்ததல்ல" என்பதே. போஞ்சு பிலாத்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கைகழுவினதும் இப்படித்தான். அவன் அனுமதி கொடுத்தான், பொறுப்பைத் தள்ளினான். ஆகையால் அனுமதியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அவர்களே சம்மதித்துவிட்டார்கள்" என்று சொல்லுகிறவன், தன் தலைமேல் முழுச் சுமையும் ஏற்றப்பட்டிருப்பதை உணராதவன்.

சர்க்காரின் அனுமதியும் ஓரளவுக்குத்தான். மனிதருடைய சட்டம் எல்லாத் தீமைகளையும் விலக்குவதில்லை, விலக்கவும் இயலாது என்று அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் தமது வேதசாஸ்திரத் தொகையில் விளக்குகிறார். புண்ணியத்தில் பூரணமடையாத திரளான ஜனங்களுக்காகச் சட்டம் இயற்றப்படுகிறது; ஆகவே பிறருக்குப் பெருங்கேடு செய்கிறவற்றையே அது முக்கியமாய்த் தடுக்கிறது. சட்டம் நிற்கும் இடத்தில் சர்வேசுரனுடைய கற்பனை நிற்பதில்லை. அது மேலும் நடக்கிறது. அர்ச். சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், தமக்குத் தடையில்லாதவை பலவும் தகுதியானவையாய் இரா என்றும், எதற்கும் தாம் அடிமையாகச் சம்மதிப்பதில்லை என்றும் உணர்த்துகிறார். தடையின்மை வேறு, தகுதி வேறு.

மனச்சாட்சி கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பந்தயமோ குலுக்கலோ நீதியாயிருக்க நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்று ஒழுக்க சாஸ்திரிகள் நெடுங்காலமாய்க் கற்பித்து வருகிறார்கள்.

முதலாவது: கட்டுகிற பணம் கட்டுகிறவனுடையதா? குடும்பஸ்தனுடைய சம்பளம் அவனுடைய கையில் இருக்கலாம். ஆனால் அதில் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் தாயின் மருந்தும் வீட்டு வாடகையும் முன்னமே குடியிருக்கின்றன. அவற்றை எடுத்துப் பந்தயம் வைப்பவன் தன் பணத்தை வைக்கவில்லை.

இரண்டாவது: கட்டுகிறவன் முழுச் சுதந்தரத்தோடு கட்டுகிறானா? சிறுபிள்ளையும், குடிவெறியில் இருக்கிறவனும், கடன் நெருக்கி விழி பிதுங்கி நிற்கிறவனும் அளிக்கும் சம்மதம் முழுச் சம்மதமா?

மூன்றாவது: வாய்ப்பு நியாயமானதா? நம் வாலிபர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,500 பேர் நூறு நூறாய்க் கட்டினால் 1,50,000 ரூபாய். ஸ்கூட்டருக்கும் விளம்பரத்துக்கும் 1,00,000 போனால், கூரைக்குச் சேர்வது 50,000. ஒருவர் ஸ்கூட்டரில் ஏறிப் போவார். 1,499 பேர் வெறுங்கையோடு போவார்கள். கூரைக்காக நூறு ரூபாய் கொடுத்ததாய் எண்ணும் ஒவ்வொருவரும் உண்மையில் கூரைக்குக் கொடுத்தது முப்பத்து மூன்று ரூபாய். மீதி அறுபத்தேழும் ஆசையைத் தூண்டச் செலவானது. இந்தக் கணக்கை விளம்பரத்தில் அச்சடிக்கத் துணிவோமா? துணியமாட்டோமென்றால், ஏன்?

நான்காவது: வஞ்சகம் இல்லையா? 2007இல் கோன் பனேகா குரோர்பதி என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியோடு பார்வையாளர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். விடையை அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 2 ரூபாய் 40 காசு. அந்தக் கட்டணத்திலிருந்தே பரிசுப் பணம் வந்தது, அதைச் சொல்லாமல் இலவசம்போல் காட்டினார்கள் என்று கண்டு, தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் ஒரு கோடி ரூபாய் தண்டம் விதித்தது. பின்பு உச்ச நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. நீதிமன்றத்தின் முடிவை நாம் மதிக்கிறோம். ஆனால் அவ்வழக்கில் எழுந்த கேள்வி மட்டும் எந்தப் பரிசுப் போட்டியிலும் நம்மை விடாது: பரிசின் விலையைக் கொடுப்பவர் யார்? தோற்றவர்களே கொடுக்கிறார்கள் என்றால், அதை அவர்களுக்கு முன்கூட்டிச் சொன்னோமா?

அழைக்கிறவனுடைய பாரம்

இனி, விளம்பரம் என்னும் செய்கையைத் தனியே பார்ப்போம். விளையாடுகிறவன் தன் பணத்தை இழக்கிறான். விளம்பரம் செய்கிறவனோ, விளையாட நினைத்திராதவனுக்கு அந்த நினைவை உண்டாக்குகிறான்.

அர்ச். தோமாஸ் இதை எழுநூறு ஆண்டுகளுக்குமுன் நுணுக்கமாய் ஆராய்ந்திருக்கிறார். சூதில் ஜெயித்த பணத்தைப் பிச்சையாகக் கொடுக்கலாமா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. மூன்று சந்தர்ப்பங்களில் அப்பணத்தைத் தர்மமாய்க் கொடுக்கவும் உரிமையில்லை, உடையவனுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார்: சிறுவர், புத்தி சுவாதீனமற்றவர் போன்ற, தம் பொருளைக் கொடுக்க உரிமையில்லாதவரிடம் ஜெயித்தது, வஞ்சகத்தால் ஜெயித்தது, லாப ஆசையால் பிறனை விளையாட இழுத்து ஜெயித்தது. மூன்றாவதைக் கவனியுங்கள். இழுத்தல்! இன்றைய விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

சித்திரைத் திருவிழாக் காலத்தில் தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சிக்குப் போகிறோம். வளையம் எறிந்து சோப்புப் பெட்டி ஜெயிக்கும் கடை இருக்கிறது. ஐம்பது ரூபாய் தோற்றவன் சிரித்துக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்று வீடு திரும்புகிறான். அவனை யாரும் வீட்டுக்குத் தொடர்ந்து வருவதில்லை. இரவில் கடையும் மூடப்படுகிறது. கைபேசி விளம்பரமோ மூடப்படுவதில்லை. அது எல்லாரையும் ஒன்றுபோல் கூப்பிடுவதும் இல்லை. யார் எதைப் பார்த்து நிற்கிறார், யார் எதைத் தொட்டார் என்று குறித்து வைத்து, தொடக்கூடியவரைத் தேடிப்போய்த் தொடுகிறது. ஒருமுறை பணம் கட்டினவனிடமே மறுபடியும் மறுபடியும் போகிறது. பலவீனமே அதற்கு வழிகாட்டி.

நம் கோரிப்பாளையத்தில் அரசு இராசாசி மருத்துவமனை வாசலுக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். சிவகங்கையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் நோயாளியைக் கொண்டுவந்தவர்கள் மரத்தடியில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் கைபேசி, மனதில் நாளைய செலவு. அந்நேரத்தில் அவர்கள் கண்முன் "நூறு ரூபாய்க்கு ஸ்கூட்டர்" என்று மின்னினால், அவர்கள் கட்டுவது உபரிப் பணத்தையா? நாம் விளம்பரம் கொடுக்கும்போது அந்த மனிதனுக்குக் கொடுப்பதாய் நினைப்பதில்லை. ஆனால் அது அவனிடம் போய்ச் சேருகிறது.

திருவள்ளுவரும் சூதுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கி, அதன் முதற் குறளிலேயே வெற்றியையும் விரும்பாதே என்கிறார். சூதில் கிடைத்த வெற்றி, தூண்டிலிலுள்ள இரும்பை இரையென்று மீன் விழுங்கினதற்குச் சமம் என்பது அவர் காட்டும் உவமை. அப்படியானால் தூண்டிலில் இரையைக் கோப்பவன் யார் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில ஆட்சேபணைகள்

"நற்காரியத்துக்குத்தானே, சாமி!" நல்ல நோக்கம் ஆகாத வழியை நல்லதாக்காது. அன்றியும், கூரைக்குப் பணம் வேண்டுமென்றால் கூரைக்கென்றே கேட்கலாம். நூறு ரூபாய் நன்கொடை கொடுப்பவன் மனம் விரிகிறது. ஸ்கூட்டருக்காக நூறு ரூபாய் கட்டுகிறவன் மனம் சுருங்குகிறது. தர்மம் செய்யும் பழக்கத்தைக் குலுக்கல் வளர்ப்பதில்லை, அழிக்கிறது. ஞானக் காரியங்களுக்காகத் தனிப்பட்டவர்கள் பணம் சேர்க்கத் தங்கள் அதிகாரியிடமும் அந்த மேற்றிராசனத்து ஆயரிடமும் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும் என்று 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1265ஆம் பிரிவில் விதித்திருப்பதையும் வாலிபர்கள் அறிந்திருப்பது நல்லது.

"பழைய நாளில் நம் கோவில்களிலேயே குலுக்கல் நடக்கவில்லையா?" நடந்தது. பொய் சொல்ல வேண்டாம். அன்று சீட்டு வாங்கினவர் பெரும்பாலும் பங்கு மக்களே. யார் விற்கிறார், எதற்கு விற்கிறார் என்று அறிந்து, பரிசு விழாது என்று எண்ணியே கொடுத்தார்கள். அது ஏறக்குறைய நன்கொடை. இணையத்தில் வாங்குகிறவனுக்கு நம் கோவிலும் தெரியாது, கூரையும் தெரியாது. ஸ்கூட்டர் ஒன்றே தெரியும். மேலும் பழைய வழக்கம் சட்டத்துக்கு மேலானதல்ல. முன்னோர் செய்தார்கள் என்பதே ஒரு காரியத்தை நீதியாக்கிவிடாது.

"யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, இஷ்டப்பட்டவர் கட்டுகிறார்." இஷ்டத்தை உண்டாக்கத்தான் விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கிறோம். உண்டாக்கிவிட்டு, அது அவனாகக் கொண்ட இஷ்டம் என்று சொல்லுவது நியாயமா?

"நாம் விட்டால் வேறொருவன் செய்வான்." செய்யலாம். அவன் கணக்கை அவன் ஒப்புவிப்பான். நம்மிடம் நம் கணக்கே கேட்கப்படும்.

ஓர் ஆட்சேபணைக்கு மட்டும் எளிதான பதில் இல்லை. "நேர்வழியில் கேட்டால் பணம் சேராது" என்கிறார்கள். அது மெய்யாயிருக்கலாம். கூரை இன்னும் ஒரு மழைக்காலம் ஒழுகலாம். துணிக்கடையில் இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கூட்டம் குறையலாம். நீதிக்கு விலை உண்டு. அதைக் கொடுக்காமல் நீதி கிடைப்பதில்லை. ஒழுகும் கூரையின்கீழ் சுத்த மனதோடு கூடுவது, அயலானுடைய மருந்துப் பணத்தால் வேய்ந்த கூரையின்கீழ் கூடுவதைவிட நமக்கு நல்லது.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன?

பரிசு கொடுப்பதே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. போட்டி வைக்க விரும்புகிறவர்கள் பின்வருபவற்றைக் கைக்கொள்ளட்டும்.

1. நுழைவுக் கட்டணம் வேண்டாம். "இதை வாங்கினால்தான் சேரலாம்" என்னும் மறைமுகக் கட்டணமும் வேண்டாம். பொருள் விற்பதற்காகப் போட்டியோ குலுக்கலோ நடத்துவதை 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வாணிபங்களின் வரிசையில் எழுதியிருக்கிறது. ஆகவே கடைக்காரர்கள் முதலில் ஒரு வக்கீலைக் கலந்துகொள்வது புத்தி. அதைவிட எளிய வழியும் உண்டு: பரிசுக்குச் செலவிட நினைத்ததை எல்லாருக்கும் விலைக்குறைப்பாகக் கொடுத்துவிடலாம்.

2. திறமைக்கே பரிசு கொடுங்கள். நடுவர்களை முன்னமே அறிவியுங்கள்.

3. பரிசு என்ன, எத்தனை, கடைசி நாள் எது, யார் சேரலாம், முடிவு எங்கே வெளியாகும் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். முடிவை மறைப்பதையும் மேற்சொன்ன சட்டமே குற்றமாய் எண்ணுகிறது.

4. உங்கள் வீட்டாருக்கும் நடத்துகிறவர்களுக்கும் பரிசு இல்லை என்று விதியுங்கள்.

5. சேருகிறவர்களுடைய தொலைபேசி எண்ணையும் விலாசத்தையும் போட்டிக்கு மாத்திரம் உபயோகித்து, முடிந்தவுடன் அழித்துவிடுங்கள். அவை அவர்கள் நம்பி ஒப்படைத்த அடைக்கலம்.

6. சிறுபிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி விளம்பரத்தில் போடாதீர்கள்.

இவ்விதிகளுக்கு உட்பட்ட வேதாகம வினாடி வினாவை நம் வாலிபர் நடத்தலாம். பரிசுகளைத் தயாள மனமுள்ள ஒருவர் தரட்டும். கூரைக்காகத் தனி உண்டியல் வைக்கப்படும். சேர்ந்த தொகை வாராவாரம் கோவில் பலகையில் எழுதப்படும். நூறு ரூபாய்ச் சீட்டுத் திட்டத்துக்கு மாத்திரம் நம் சம்மதம் இல்லை.

ஏற்கெனவே இப்படிப்பட்ட போட்டிகளால் லாபம் கண்டவர்கள் யாரேனும் இருந்தால், பாவசங்கீர்த்தனத்தில் அதை விவரமாய்ச் சொல்லி ஆலோசனை பெறுங்கள். ஏழாம் கற்பனை திருடாதிருப்பதோடு முடிவதில்லை. அநியாயமாய் வந்ததைத் திருப்பிக் கொடுப்பதையும் அது கேட்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று கைபேசியில் வரும் செய்திகளைப் பிள்ளைகளும் முதியோரும் நம்பிவிடுகிறார்கள். சேராத போட்டியில் பரிசு விழாது. பரிசைப் பெறுவதற்கு முன்பணம் கேட்பது வஞ்சகத்தின் முத்திரை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். தாமதமின்றிச் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

அதைவிட முக்கியம், வீட்டில் கைபேசிச் சூதுக்கு அடிமைப்பட்டவர் இருந்தால் அவரை ஏசி ஒதுக்காதீர்கள். சங்கிலி அடகுக்குப் போனதும் வீட்டில் சண்டை மூளுகிறது. சண்டை மூண்டதும் அவர் இன்னும் ஆழமாய் ஒளிகிறார். கடனால் நெஞ்சு உடைந்து உயிரையே மாய்த்துக்கொண்டவர்களுடைய செய்திகளை நம் ராஜ்யத்துப் பத்திரிகைகளில் பலமுறை வாசித்திருக்கிறோம். அவர்களில் அநேகர் கடைசி நாள்வரை யாரிடமும் வாய்திறக்கவில்லை. பங்கு மாளிகையின் கதவு எந்நேரமும் திறந்திருக்கிறது. பணம் போனால் போகட்டும். ஆள் நமக்கு வேண்டும்.

பிரியமானவர்களே, அனுமதி கேட்பது நல்ல வழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் சர்க்காரையும் கம்பெனியாரையும் கேட்டபின், இன்னும் இருவரிடம் கேளுங்கள். ஒருவர், உங்கள் விளம்பரத்தை இரவில் தனியே வாசிக்கப்போகும் அந்த ஏழை. மற்றவர், அந்த ஏழைக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாய்க் கணக்கில் எழுதிக்கொள்ளும் நம் ஆண்டவர். இவ்விருவரும் சம்மதித்தால் தைரியமாய்ச் செய்யுங்கள்.

சர்வேசுரனுடைய ஆசீர்வாதம் உங்கள் குடும்பங்களில் நிலைத்திருப்பதாக.

பங்குக் குரு,
கோரிப்பாளையம்.